விட்டுப்போன ‘ப’

பாடுகிற பெண்ணின் கையைப் பக்கத்தில் இருந்தவர் பிடித்திருந்தார். பாட்டின் போக்குக்கு அதை மெல்லச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இது என்ன வழக்கமோ!

“துக்கப் பாட்டு பாடுறவங்களை இங்க தனியா விடுறதில்ல,” என்றாள் பப் நடத்துகிற அம்மா.

அயர்லாந்தின் மேற்கு ஓரத்தில் ஒரு கிராமம். வெளியே விடாத மழை. ஃபிடில்காரர்கள் வில்லை மடியில் கிடத்திவிட்டுத் தலைகுனிந்து கேட்டார்கள். ஃபிடில் என்றால் வேறொன்றுமில்லை, நம் வயலின்தான்.

இங்கே வர ஆசைப்பட்டவள் அவன் மகள் முகில். எட்டு வயது. ஃபிடில் வாசிக்கும் சிறுமி ஒருத்தியைச் செல்போனில் பார்த்துவிட்டு, அந்த ஊருக்குப் போயே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மூன்று டிக்கெட் எடுத்தான்.

தை மாதத்துக் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது.

அவள் ஆசையாவது நடக்கட்டும் என்று இரண்டு பேரும் வந்தார்கள். விமானத்தில் நடு இருக்கை காலி. அதற்கு அந்தப் பக்கம் அவன் மனைவி அருள்மொழி.

சாப்பிட்டாச்சா, கதவைப் பூட்டியாச்சா. தை மாதத்திலிருந்து அவர்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு. சண்டைகூட இல்லை. அதுதான் கொடுமை.

பாட்டு முடிந்தது. பாடி முடித்தவர்தான் அடுத்து யார் என்று காட்டவேண்டுமாம். அந்தப் பெண்ணின் விரல் அருள்மொழியைக் காட்டியது.

ஐயோ, இவளுக்குப் பாட வராதே! அவன் மறுக்க எழுந்தான்.

அதற்குள் அவள் வாயைத் திறந்துவிட்டாள்.

சச ரிரி கக மம.

முகிலின் காலை வயலின் பாடம். தோசை வார்த்துக்கொண்டே கேட்டுக் கேட்டு அருள்மொழிக்கு மனப்பாடம். வேறு பாட்டு அவளுக்கு எங்கே தெரியும்?

பக்கத்தில் இருந்த ஆட்டுப்பண்ணைக்காரர் கேட்காமலேயே அவள் கையை எடுத்துக்கொண்டார். காய்த்துப்போன கை அவருடையது. மெல்லச் சுற்றினார்.

அவனுக்குச் சுருக்கென்றது. அந்தக் கையை அவன் தொட்டு எவ்வளவு காலம் ஆயிற்று!

குரல் மேலே ஏறித் திரும்பியது.

சச நிநி தத மம.

நின்றது.

இறங்கும்போது முகில் தினமும் ‘ப’வை விட்டுவிடுவாள். கூடத்தில் உட்கார்ந்து, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், அவன் ஒரு அதட்டல் போடுவான். அதற்குப் பிறகுதான் பிள்ளை மறுபடி தொடங்குவாள்.

பப்பில் யாரும் அசையவில்லை. ஆட்டுப்பண்ணைக்காரர் கையை விடவும் இல்லை.

அருள்மொழி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

 

“முதல்லேருந்து வாசி,” என்றான்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சச ரிரி என்று மறுபடி ஏறினாள். மேலே போனாள். இறங்கினாள்.

‘ப’வை விட்டாள். நின்றாள்.

கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள்.