தானாகத் தூங்கப் பழகியவன்

காலையில் பால்பவுடர் கரைத்து ரிஹானுக்குப் புட்டியில் கொடுப்பேன். வாயைத் துடைத்துப் பாயில் கிடத்துவேன். அவன் தாய்ப்பாலுக்கு அழுவான். என் மனைவி லமீஸ் பக்கத்து அறைக்குள் கதவைச் சாத்திக்கொள்வாள்.

"மாரு நெறைய பால வச்சிக்கினு புள்ளைய அழவிடுறியே, நீ பெத்தவதானா?" என்று என் அம்மா கதவைத் தட்டுவாள்.

"அடுத்த மாசம் வேலைக்குப் போறேன்ல மாமி. நான் இல்லாம தூங்கப் பழகட்டும்."

"முத்தியால்பேட்டையிலயே நீ ஒருத்திதான் வேலைக்குப் போறியாக்கும்!"

நானும் அம்மா பக்கம்தான். எட்டு மாதக் குழந்தையை இப்படி வதைக்க வேண்டுமா என்று லமீஸிடம் கேட்டேன்.

ஒருநாள் ரிஹான் அழாமல் தானாகவே தூங்கிவிட்டான். அன்றுதான் அவள் என்னிடம் நோயைப் பற்றிச் சொன்னாள். முற்றிவிட்டிருந்தது. அவள் சொல்லிவந்த வேலை என்று எதுவும் இல்லை.

லமீஸ் கலிமா சொல்லியபடியே மௌத்தானாள் என்று, துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடம் அம்மா சொல்கிறாள். அந்தக் கடைசி நேரத்தில் லமீஸ் பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் ரிஹானின் அழுகை கேட்டது. அவனைத் தூக்கிவர எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"உள்ள தூக்கிட்டு வராதீங்க. இப்பதான் பழகியிருக்கான்."