நுரைச்சுவர்

அம்பலவாணன் வீட்டுக்கும் தெய்வநாயகம் வீட்டுக்கும் நடுவில் பல்லிகூட ஒருக்களித்துத்தான் போகும். அந்த இடுக்கில் தெய்வநாயகம், அழகுக்கென்று தன் வெளிச்சுவர் முழுக்கப் பளபளக்கும் பிளாஸ்டிக் பலகை அடித்தார்.

"பத்திக்கிட்டா என் வீடும் சேர்ந்து போயிடுமேய்யா, கழட்டும்" என்று அம்பலவாணன் கெஞ்சினார்.

"உம்ம வயித்தெரிச்சல்லதான் அது பத்திக்கணும்" என்றார் தெய்வநாயகம். அம்பலவாணனின் கண்ணேறு கழிக்க, வெள்ளிதோறும் இடுக்கின் முனையில் பூசணிக்காய்மேல் கற்பூரமும் ஏற்றினார்.

அம்பலவாணன் நுரைச்சுவர் வாங்கி மாட்டினார். எதிர்ப்பக்கம் நெருப்போ சூடோ தென்பட்டால் அது தானாகவே நுரையைப் பீய்ச்சும். அடுத்த வெள்ளியன்று பூசணிக்காயோடு தெய்வநாயகமும் நுரைக்குள் காணாமல் போனார். மீசையைக் கண்டுபிடிக்கவே மதியமாயிற்று.

அவர் சும்மா இருப்பாரா? பலகையைக் கழற்றாமல், அதன்மேல் அதே நுரைச்சுவரை மாட்டினார். அன்றிலிருந்து இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. காப்பியில் ஆவி பறந்தாலே ஜன்னல் வழியாக நுரை வந்து விழுந்தது. இருவரும் ஊறவைத்த அவலைத் தின்றபடி ஒருவரையொருவர் முறைத்தார்கள்.

அவர்கள் மனைவிமார் வடிவாம்பாளும் கோமளமும் தெருக்கோடியில் கொட்டகை போட்டுச் சேர்ந்தே சமைத்தார்கள். வத்தக்குழம்பு வாசனைக்குப் பகையாளிகள் இருவரும் தட்டோடு போய் நின்றார்கள்.

"சூடா ஒரு கரண்டி ஊத்தேன், வடிவு" என்றார் அம்பலவாணன்.

"ஐயோ, நுரை அடிச்சிருமே! பலகையும் சுவரும் கீழ இறங்குற வரைக்கும் உங்க ரெண்டு பேருக்கும் ஆறினதுதான்" என்றாள் வடிவாம்பாள், கொதிக்கிற குழம்புக்கு நிதானமாக விசிறிக்கொண்டே.