யாரும் இறங்காத நிறுத்தம்

சால்வை போர்த்திய பெண் பிடித்து ஏறிய கம்பியைக் கண்டக்டர் கிருமிநாசினி தெளித்துத் துடைத்தார். துடைத்த துணியை இரண்டு விரலால் தூக்கி ஜன்னல் வழியே வீசினார். பஸ்ஸில் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவர் அதைச் செய்ததே.

அவள் காதில் விழாததுபோல வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சால்வை பாதி முகத்தை மூடியிருந்தது. எப்போது வந்தாலும் கடைசி நிறுத்தத்துக்குத்தான் டிக்கெட் கேட்பாள். அது வெறும் நாடகம், இவள் நடுவழியில் ஆஸ்பத்திரிக்கு இறங்குகிற கூட்டத்தைச் சேர்ந்தவள்தான் என்று கண்டக்டர் முடிவு கட்டியிருந்தார்.

நடுவழியில் நீர்த்தொட்டி என்று ஒரு நிறுத்தம். எதிரிலேயே எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாத்திரை கொடுக்கும் ஆஸ்பத்திரி. காலையில் மட்டும்தான் திறந்திருக்கும், அந்த நேரத்துக்குப் போய்ச் சேர இந்த ஒரு பஸ்தான். அடுத்த நிறுத்தம் பாலத்துக்கு அந்தப் பக்கம். அங்கே இறங்கித் திரும்பி நடந்து வருவதற்குள் கதவைச் சாத்திவிடுவார்கள்.

இந்தத் தடத்துக்கு மாறி வந்த முதல் நாளே கண்டக்டருக்கு அந்த நிறுத்தம் பிடிக்கவில்லை. அங்கே இறங்குகிறவர்களுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுக்கவே கை கூசியது. அப்புறம்தான் அந்த வேடிக்கையைக் கண்டுபிடித்தார். நிறுத்தம் வந்ததும் படியில் நின்று, "நீர்த்தொட்டி... ஊர் மேஞ்சவங்கல்லாம் இறங்கிக்கோ" என்று நீட்டி முழக்குவார். இறங்குகிறவர்களின் முதுகைப் பார்த்து பஸ்ஸே சிரிக்கும். நன்றாகப் படித்த ஒரு வாத்தியார்கூட வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

நாளாக ஆக, அங்கே இறங்குகிறவர்கள் குறைந்துபோனார்கள். ஒரு நாள் பஸ்ஸில் ஏறிய ஆஸ்பத்திரி வாட்ச்மேன், மாத்திரைக்கு வருகிற கூட்டம் பாதியாகிவிட்டது, ஏன் வரமாட்டேன் என்கிறார்கள் என்று தெரியாமல் டாக்டரம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லி வருத்தப்பட்டார். வண்டி சுத்தமாகிவிட்டது என்று கண்டக்டர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். மனுஷனுக்கு அதில் பெருமை வேறு.

அவருக்கு இன்னொரு பெருமை, டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்திருந்த அண்ணன். அப்பா போன பிறகு வெல்டிங் பட்டறையில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு தம்பியைப் படிக்க வைத்தவர். இந்த வேலைக்காக வாசல் வாசலாக ஏறி இறங்கியவரும் அவர்தான். தம்பி இந்தத் தடத்துக்கு வந்ததிலிருந்து மாதம் ஒரு காலையில் பஸ் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பிவிடுவார். கேட்டால், சும்மாதான் என்பார். நான் யூனிஃபார்மில் நிற்கிற அழகைப் பார்க்க வருகிறார் என்று கண்டக்டர் டிப்போ முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

ஒன்று மட்டும் கண்டக்டரின் கண்ணில் பட்டிருந்தது. நீர்த்தொட்டி நெருங்கும்போது அண்ணன் காலடியில் இருக்கும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். தாண்டியதும் மறுபடி கீழே வைத்துவிடுவார். அண்ணனுக்கும் அருவருப்புதான் போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

இன்றைக்கு அண்ணனைப் பார்க்கவே பகீரென்றது. சட்டை ஆணியில் மாட்டியதுபோலத் தொங்கியது, இருமல் வேறு விடவில்லை. கண்டக்டர் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"அண்ணே, பாதியா இளைச்சிட்டீங்க. ஒரு டாக்டரைப் பாக்கக் கூடாதா?"

"போகணும்னுதான்டா கிளம்புறேன். போக முடியறதில்ல."

பட்டறையில் விடமாட்டார்கள் போலிருக்கிறது என்று கண்டக்டருக்கு ஆத்திரமாக வந்தது. நாளைக்கே லீவு போட்டு நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். இந்த மனுஷனை விட்டால் அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அந்தக் கவலையை மறைக்க வழக்கத்தைவிடச் சத்தமாகவே கத்தினார்.

"நீர்த்தொட்டி... ஊர் மேஞ்சவங்கல்லாம் இறங்கிக்கோ."

பஸ் நின்றது. யாரும் அசையவில்லை. கண்டக்டர் நேரே சால்வைப் பெண்ணிடம் போனார்.

"இறங்கலையா? ஆஸ்பத்திரிய மூடிடப் போறாங்க."

பஸ் சிரிக்கத் தயாரானது. அவள் சால்வையை மெல்ல விலக்கினாள். கன்னத்திலிருந்து கழுத்து வரைக்கும் பழைய தீக்காயம் சுருங்கிக் கிடந்தது.

"கடைசி ஸ்டாப்புக்கு நீங்கதானே டிக்கெட் குடுத்தீங்க?"

சிரிக்க வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கண்டக்டருக்கு முகம் செத்துவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசில்லை. இன்றைக்கு வண்டியில் எல்லோரும் யோக்கியர்கள்தான் என்று ஒரு அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டு, விசிலை வாயில் வைத்தார்.

முன்னால் யாரோ எழுந்தார்கள். அண்ணன்தான். பையை மார்போடு அணைத்துக்கொண்டு, இருக்கை இருக்கையாகப் பிடித்து, அத்தனை பேர் பார்க்க நடந்து வந்தார். கடைசி நிறுத்தம் இன்னும் வரவில்லையே என்று கண்டக்டர் சொல்ல வாயெடுத்தார். விசில் உதட்டிலிருந்து நழுவிக் கயிற்றில் ஆடியது.

சற்று முன் துடைத்த கம்பியை அண்ணன் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"வழி விடுடா தம்பி, நான் இறங்கணும்."