மீட்டர் அண்ணன் கேட்ட கேள்வி

"மேடம், இந்த மீட்டர்ல சிவப்பா ஒரு கோடு இருக்கே, அது எதுக்கு?"

கேட்டவர் பாய்லர்காரர். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளை மலை மலையாக வெளுத்து அனுப்பும் அந்த நீராவிச் சலவை ஆலையில், இருபத்திரண்டு வருடமாக பாய்லரைக் கட்டி மேய்ப்பவர். ஊசியைப் பார்க்காமல் சத்தத்தை வைத்தே பிரஷரைச் சொல்லிவிடுவார் என்பதால் எல்லோருக்கும் அவர் 'மீட்டர் அண்ணன்'. அந்தச் சிவப்புக் கோட்டைப் போட்டதே அவர்தான், தன் கையால்.

அறை கொல்லென்று சிரித்தது.

பாதுகாப்பு அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. பலகையில் வரைந்திருந்த மீட்டரின் கோட்டை மார்க்கர் பேனாவால் தொட்டுக் காட்டினாள்.

"ஊசி அந்தக் கோட்டைத் தாண்டினா ஆபத்துண்ணே. உடனே தீயைக் குறைக்கணும்."

"அப்படியா! இப்ப புரியுது மேடம்" என்று பணிவாகத் தலையாட்டினார்.

இந்தப் புதன்கிழமை வகுப்பு அவள் ஆரம்பித்தது. சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு அரை மணி நேரம். வாரம் ஒருவர் தன் வேலையைப் பற்றி மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். மேனேஜர் முதல் வாசல் பெருக்குபவர் வரை எல்லோருக்கும் ஒரே பெஞ்சு. முதல் நாலு வாரம் டீக்காக வந்தார்கள்; டீ தீர்ந்ததும் எழுந்து போனார்கள். மீட்டர் அண்ணன் கேள்வி கேட்க ஆரம்பித்த பிறகுதான் வகுப்பு களைகட்டியது.

அந்தக் கேள்விகள்தான் அவளைக் குழப்பின. போன வாரம் இஸ்திரிப் பகுதி அக்காவிடம், "இந்த மெஷினை எப்படிம்மா நிறுத்தறது?" என்றார். அதே மெஷினை ஆயிரம் தடவை பழுது பார்த்தவர்! அதற்கு முந்தைய வாரம், "கிருமி மருந்து டப்பால என்ன எழுதியிருக்குன்னு யாராச்சும் படிச்சுச் சொல்லுங்களேன்" என்றார். தினமும் பேப்பரை வரி விடாமல் படிக்கிற மனிதர்!

கேலி செய்கிறாரா? முகத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. அப்படியென்றால் மறதியா? அவளுடைய அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. ஒருநாள் காலை, சட்டைப் பொத்தானைத் தொட்டுக் காட்டி, "இது எதுக்குடா கண்ணு?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் ஷிப்ட் முடிவதற்குள் பாய்லர் அறைக்குப் போனாள். மீட்டருக்கு முதுகைக் காட்டியபடி அவர் எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, திரும்பாம சொல்லுங்க. இப்ப பிரஷர் எவ்வளவு?"

"ஆறரை. இஸ்திரில ஒரு மெஷின் நின்னுடுச்சுன்னா ஏழுக்கு வரும்."

எட்டிப் பார்த்தாள். ஊசி ஆறரையில் நின்றது. அவள் குழப்பம் இரட்டிப்பானது.

"அப்ப மதியம் ஏன் அப்படிக் கேட்டீங்க?"

"மறந்துபோச்சு மேடம்."

"இப்ப ஞாபகம் வந்துடுச்சா?"

"வந்து வந்து போகுது."

"என்னைக் கிண்டல் பண்றதுன்னா சொல்லிடுங்கண்ணே. கோச்சுக்க மாட்டேன்."

"ஐயையோ, உங்களையா? நல்லா சொல்றீங்க!"

"இது விளையாட்டில்லண்ணே. மறதி இருக்கறவரை பாய்லர் பக்கத்துல விட முடியாது. நான் எழுதிக் குடுத்தாகணும். உங்களை வேற இடத்துக்கு மாத்திடுவாங்க."

அவர் துணியை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டது போலிருந்தது.

"எழுதுங்க மேடம். உங்க வேலையை நீங்க பார்த்துத்தானே ஆகணும்? ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். என்னை எங்க தூக்கிப் போட்டாலும், புதன்கிழமை வகுப்புக்கு மட்டும் விட்டுடுங்க."

பாய்லரை விட்டுக்கொடுக்கிறார், வகுப்பை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார். இது என்ன கணக்கு? ஒன்றும் பிடிபடாமல் வீட்டுக்குப் போனாள். கடிதத்தை எழுதினாள், கிழித்தாள், மறுபடி எழுதினாள். பாய்லரைச் சுற்றி எண்பது பேர் வேலை பார்க்கிறார்கள். அப்பாவின் முகம் கண்ணுக்குள் நின்றது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலை கடிதத்தை மேனேஜரின் மேஜைமேல் வைத்தாள்.

அவர் ஒரு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார்.

"இதை வேற யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

"இல்ல சார். நேரா உங்ககிட்டதான் வர்றேன். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா தான் போட்ட கோடே ஒருத்தருக்கு மறந்துபோச்சுன்னா, நாளைக்கு என்ன வேணா ஆகலாமே சார்?"

மேனேஜர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்தபோது அவர் காது மடலெல்லாம் சிவந்திருந்தது.

"அவருக்கு ஒரு மறதியும் இல்லைங்க. மூணு வருஷமா பாய்லர் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடறேன், அந்தக் கோடு எதுக்குன்னே எனக்குத் தெரியாது" என்றார் குரலைத் தாழ்த்தி. "நான் கேட்டா எல்லாரும் சிரிப்பாங்களேன்னு, இங்க மத்தவங்கல்லாம் செய்யற மாதிரி, நானும் என் கேள்வியை அவர் காதுல போட்டு, 'நீங்க கேளுங்கண்ணே'ன்னு சொல்லிட்டேன்."