ஈரத் தடம்

பெதஸ்தா குளத்தில் கண்ணுக்குத் தெரியாமல் தேவதூதன் இறங்கித் தண்ணீர் கலங்கியதும் முதலில் இறங்குகிறவருக்கு மட்டும்தான் சுகம். கால் விளங்காத மனைவி மில்காளைத் தூக்கிக்கொண்டு ஓடுவது அப்னேரின் வேலை. ஒவ்வொரு தடவையும் யாராவது முந்திவிடுவார்கள்.

"நாளைக்கு ஊருக்கே போயிடலாம். என் இடுப்பும் போச்சு" என்று அலுத்துக்கொண்டு அவன் அப்பம் வாங்கப் போனான். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் கலங்கியது.

அவன் திரும்பியபோது குளத்துக்குள் ஒரே அடிதடி.

"நான்தான்யா முதல்ல இறங்கினேன்!"

"அப்போ உன் கூனு ஏன் இன்னும் நிமிரல?"

யாருக்கும் சுகமாகவில்லை. நோயாளிகள் படுத்திருக்கும் கரை மண்டபம் காலியாகக் கிடந்தது. மில்காளும் இல்லை, அவள் பாயும் இல்லை. குளத்துப் படியிலிருந்து ஈரக் காலடிகள் பாய் கிடந்த இடம்வரை வந்து நின்றிருந்தன. அங்கிருந்து வேறு ஈரக் காலடிகள் வாசலுக்குப் போயின. இடது சுண்டுவிரல் வளைந்த தடம். தினமும் அவள் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவனுக்கு அது தெரியாதா? வாசலுக்கு ஓடினான்.

பாயைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் எதிரே வந்தாள்.

"அப்பம் வாங்க இவ்வளவு நேரமா? கடைவரைக்கும் தேடிட்டு வர்றேன்."

"தண்ணியில யாரு இறக்கிவிட்டது?"

"நான் எங்க இறங்கினேன்?"

அவள் ஆடை நுனி காய்ந்துதான் இருந்தது. அவள் நடந்து வந்த கல்லெல்லாம் ஈரம்.