காதுக்கு மட்டும்

அந்த வாக்மனைக் கண்டவுடனேயே பாக்கியரத்தினத்துக்குத் தெரிந்துவிட்டது, மகன் உயிரோடு இல்லை என்று.

பற்றரி மூடியின் கொளுக்கி உடைந்து, அந்த இடத்தில் ஒரு கொண்டையூசி வளைத்துச் செருகியிருந்தது. ஊசி அவர் மனைவி இராசமலருடையது. வளைத்துச் செருகியது அவருடைய கை.

மூன்று மாதத்துக்கு முன் சாம்பல்தீவில் ஆமி சுற்றிவளைத்து மகன் சீலனைப் பிடித்துக்கொண்டு போனபோது, இது அவன் இடுப்பில் இருந்தது. அதன்பிறகு எந்த முகாம் வாசலில் போய் நின்றாலும் ஒரே பதில்தான். அப்படி ஒருவரை நாங்கள் பிடிக்கவே இல்லை.

இப்போது அதே வாக்மனை ஒரு இளம் சிப்பாய் அவருடைய றேடியோ திருத்துகடை மேசையில் கொண்டுவந்து வைத்திருக்கிறான்.

"முதலாளி, பாட்டு இழுக்குது. பாருங்க" என்றான், தனக்குத் தெரிந்த தமிழில்.

முகாமிலிருந்து யாரும் தனியாக வெளிக்கிடுவதில்லை. கூட வந்த மூத்தவன் கடை வாசலில் கதிரையைப் போட்டுத் தெருவைப் பார்த்தபடி இருந்தான். துறைமுகத்தடியில் அவனைத் தெரியாதவர்கள் இல்லை. தமிழை எங்களைப் போலவே கதைப்பான். இரண்டு பேர் குசுகுசுத்தால் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போய்விடுவான்.

பாக்கியரத்தினம் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் பெட்டியைத் திறந்தார். ரப்பர் பட்டி நன்றாக இருந்தது. பற்றரி புத்தம் புதிது. தேடிப் பார்த்தும் ஒரு பழுதும் அகப்படவில்லை.

கசெற்றை வெளியே எடுத்தபோதுதான் அதையும் அடையாளம் கண்டார். சீலன் தனக்குப் பிடித்த பாட்டெல்லாம் பதிந்து, அவை அழிந்துவிடக்கூடாதென்று பின்பக்க முனை இரண்டையும் உடைத்து வைத்திருந்த கசெற் அது. அந்த ஓட்டைகளுக்குள் இப்போது, மேலே திரும்பப் பதிவதற்காக, யாரோ கடதாசி அடைத்திருந்தார்கள். வாக்மனில்தான் பதிகிற சிவப்புப் பொத்தான் இருக்கிறதே. பிள்ளையையும் கொன்று, அவன் பாட்டையும் அழித்து, மேலே தங்கள் பைலாப் பாட்டைப் பதிந்திருக்கிறார்கள்.

சீலனின் மாமன் குவைத்திலிருந்து அனுப்பிய இந்தப் பெட்டியை அவர் ஒருநாளும் விரும்பியதில்லை. றேடியோ பாடினால் குசினிக்குள் இராசமலரும் சேர்ந்து பாடுவாள். இது வந்தபிறகு பக்கத்தில் இருந்துகொண்டே மகன் எங்கேயோ போய்விடுவான். "காதுக்குள்ள என்னடா களவுப் பாட்டு, எல்லாருக்கும் போடன்" என்று ஏசுவார். அவன் சிரித்துக்கொண்டே இயர்போனைக் கழற்றி அவர் காதில் வைக்க வருவான். அவர் தட்டிவிடுவார். ஒரு நாளாவது வாங்கிக் கேட்டிருக்கலாம் என்று இப்போது நினைத்தார்.

கசெற்றைப் போட்டு, வாசலில் இருந்த பெரிய ஸ்பீக்கரின் வயரை எடுத்தார். எதைத் திருத்தினாலும் அதில் போட்டு, வீதி முழுக்கக் கேட்கக் காட்டித்தான் அவருக்குப் பழக்கம்.

சிப்பாய் சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அதில வேணாம். காதில போடுங்க. முதலாளி மட்டும் கேளுங்க."

"ஏன் தம்பி, எல்லாரும் கேட்டா என்ன?"

"வேணாம்" என்றான். குரல் இறங்கிவிட்டது. "மற்றப் பக்கம். முழுக்கக் கேளுங்க." பிடித்த கை விடவில்லை. மற்றக் கை துவக்கில் இருந்தது.

அப்படியென்றால் பைலா இல்லை. பிள்ளையை அடித்த சத்தத்தையா பதிந்து கொண்டுவந்திருக்கிறான்? தகப்பன் கேட்பதை நின்று பார்த்து ரசிக்கவா? அப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று ஊரில் கதைத்துத்தான் இருந்தார்கள்.

வாசலில் கதிரை நகர்ந்தது. மூத்தவன் எழுந்து உள்ளே வந்தான்.

"என்ன இவ்வளவு நேரம்? ஏலாதெண்டா ஏலாதெண்டு சொல்லும்."

"இல்லை ஐயா, இந்தா ஒருக்காப் போட்டுப் பாத்திட்டுத் தாறன்."

ஏலாது என்று சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் மகனுடைய கடைசிச் சத்தம் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறதென்றால், அதைக் கேட்காமல் விட எந்தத் தகப்பனால் முடியும்? கசெற்றைத் திருப்பிப் போட்டார். வாழ்நாளில் முதல் தடவையாக இயர்போனை எடுத்து இரண்டு காதிலும் வைத்தார்.

மூத்தவன் மேசைக்கு எதிரே வந்து நின்று அவர் முகத்தையே பார்த்தான். இளையவன் மூச்சு விடாமல் நின்றான். பாக்கியரத்தினம் பொத்தானை அமத்தினார்.

கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு யாரோ மூச்சை இழுப்பது கேட்டது. கடையும் தெருவும் துறைமுகத்துச் சத்தமும் எங்கோ போய்விட, காதோடு வாய் வைத்துச் சொல்வதுபோல் அந்தக் குரல் வந்தது.

"அப்பா, நான் சீலன், உயிரோட இருக்கிறன், அழுதுபோடாதேங்கோ, இதைக் கொண்டுவந்தவர் மாட்டுப்படுவார்."