தட்டிப் பார்த்த தர்பூசணி

ஞாயிற்றுச் சந்தையில் தர்பூசணி எடுப்பவர்கள், பக்கத்தில் கொய்யா விற்கும் செண்பகவல்லியிடம் அதை நீட்டுவார்கள். அவள் காதோடு வைத்துத் தட்டிப் பார்த்து, பழுத்ததா இல்லையா என்று சொல்லிவிடுவாள். அவளுக்கு இப்போது காது கேட்பதில்லை என்பது தர்பூசணி விற்கும் ஜெபராசுக்கு மட்டும்தான் தெரியும். அவள் பேர் கெடக் கூடாதென்று, சந்தை கூடுமுன்பே அத்தனையையும் தானே தட்டிப் பார்த்து, பழுத்ததை மட்டும் அடுக்கி வைப்பான். அன்று ஒரு பெண் நீட்டிய பழத்தைத் தட்டியவள், அதன்மேல் உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, "இது வேணாம்மா, வேற எடு" என்றாள். ஜெபராசுக்குச் சுருக்கென்றது. அந்தப் பெண் போனதும் பழத்தை அறுத்தான். உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது. அடுத்த ஞாயிறு எதையும் தட்டாமல் அடுக்கிவிட்டு, ஆற அமர டீ குடிக்கப் போனான்.